குறி அழிந்த குமிழ்

பீல் நகரம், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம்,
இரண்டரை அறை, மூன்றாம் மாடி.
குசினியில் ஓர் அவன் இருக்கிறது.
(இருக்கிறான் என்று எழுதிவிட்டுத் திருத்தினேன்.
இந்த இரும்புப் பெட்டிக்கும்
நான் விட்டுவந்த ஆளுக்கும்
தமிழில் ஒரே எழுத்து.
பிழை என்னுடையதல்ல.)

முன்பு குடியிருந்தவர் தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததில்
இடப்பக்கக் குமிழைச் சுற்றியிருந்த குறிகள்
ஒன்றுகூட மிச்சமில்லை.
எது விசிறி, எது மேல்நெருப்பு, எது அடிநெருப்பு?
வெள்ளைத் தகடு வாய் திறக்காது.
"புதுத் தகட்டுக்கு எழுதிப்போடுகிறேன், ஆறு கிழமை செல்லும்"
என்றார் ஹேர் எஷ்லிமான், சாவியைக் கையில் தந்து.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பகல் முழுக்கத் தொழிற்சாலையில்
இடுக்கியால் மணிக்கூட்டு முள் பூட்டுகிறவள் நான்.
ஒரு மயிரளவு விலகினாலும்
பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும்.

சரி, மணிக்கூடு என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் சனி, குமிழ் மூன்று மணியில்.
சால்மன் துண்டு, மஞ்சள், மிளகு, தேசிக்காய்.
பத்து நிமிடத்தில் மேல் கருகல்,
நடுவே விரல் வைத்தால் ஏரிக்குளிர்.
திங்கட்கிழமை இடைவேளையில்
லோசானிலிருக்கும் தவமலருக்குப் போனில் சொன்னேன்:
"அவன் மேலால எரியிறான், உள்ளுக்கு பச்சைத்தண்ணி."
அடுத்த மேசையில் கௌசிகாவின் கரண்டி
பாதி வழியில் நின்றது.
நான் விளக்கம் சொல்லவில்லை.

ஐந்து மணியில் விசிறி.
சந்தையில் வாங்கிய ஃபெல்ஹன், முழுமீன்,
விலாவில் மூன்று கீறல், கீறலுக்குள் உள்ளி.
கண் வெந்து வெள்ளை மணியாய் வெளியே வந்தது.
தோல் மொறுமொறு. சதை,
சொல்லத்தான் வேண்டுமா,
கட்டாயத்துக்குப் போன விருந்து மாதிரி வறண்டது.

ஏழு மணியில் அடிநெருப்பு மட்டும்.
எண்ணெய்த்தாளில் மடித்து, ஓரத்தைச் சுருட்டி இறுக்கி,
வெங்காயம், பச்சைமிளகாய்,
மூன்று ஃபிராங் கொடுத்து வாங்கிய
பதினோரு கறிவேப்பிலை.
தாள் உப்பி எழும்பியது.
அவிழ்த்ததும் மூக்குக்கண்ணாடியில் புகார்.
அன்றைக்கு முதல்முறை இரண்டாம் தரம் சோறு போட்டேன்.

நாலாம் சனி பேராசை.
கடல்மீன் ஒன்று, ஒரு கிலோ கல்லுப்பு,
முட்டை வெள்ளையில் பிசைந்து கல்லறை கட்டி
மறுபடி ஐந்து மணி.
வெந்தபின் உடைக்கச் சுத்தியல் இல்லை.
தொழிற்சாலைச் சுத்தியல் பல்லுக்குத்தி அளவு.
உலக்கை இல்லாத வீட்டில் சப்பாத்தின் குதியால் அடித்தேன்,
இரவு பத்தேகால்.
கதவுமணி. கீழ்வீட்டு மதாம் ஷாபுய்.
மீன் மணத்துக்கு என்று நினைத்து
மன்னிப்பை பிரெஞ்சில் அடுக்கிக்கொண்டு போனேன்.
அவருக்குச் சத்தந்தான் பிரச்சினை.
சொல்லி முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்.
உள்ளே வந்தார். நான் முள்ளை விலக்குமுன்னே
கன்னத்துச் சதையை முள்ளுக்கரண்டியால் எடுத்து
வாயில் போட்டார்.
மீன் தெரிந்த பெண்.

ஐந்தாம் கிழமை ஞாயிறு. கை தவறிப் பதினொரு மணி.
பெட்டிக்குள் பூனை படுத்தெழும்பின சூடு, அவ்வளவுதான்.
பழுது என்று முடிவுகட்டி
கிழமைக்குரிய சட்டைகளையெல்லாம் அயன் பண்ணி
முக்கால் மணித்தியாலம் கழித்து, எறியத்தான் திறந்தேன்.
சால்மன் நிறம்கூட மாறவில்லை.
தொட்டேன்,
இதழ் இதழாய்ச் சரிந்தது.
நின்றபடி, சோறில்லாமல், உப்புக்கூடப் போடாமல்
தட்டத்திலிருந்தே தின்று முடித்தேன்.

நேற்றுப் புதுத் தகடு வந்தது.
ஒரு பொடியன் நாலு ஆணி முறுக்கிவிட்டுப் போனான்.
மூன்று, ஐந்து, ஏழு, எல்லாம் நான் சொன்னபடிதான்.
பதினொரு மணியில்
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கோப்பைகளின் படம்.
கைநூலைத் தேடிப் படித்தேன்:
சாப்பாட்டுக் கோப்பை சூடாக்க மட்டும்.
சமையலுக்கல்ல.

என்னிடம் இருப்பது இரண்டு கோப்பை.
இரண்டையும் குளிராகவே தட்டில் விட்டுவிட்டு
மீனை உள்ளே தள்ளினேன்.